டக்குனு நின்னா ஃபுல்லு

வண்டி மைலேஜ் தரவில்லை என்று ரஷீது பாய் ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். அதுவும் தண்டையார்பேட்டை டீக்கடையில், கிளாஸ் ஆறுகிற நேரத்தில், போகிற போக்கில் விட்ட ஒரு வார்த்தை. மாலை அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலைவிட்டு வெளியே வந்தால், அதைச் சரிசெய்ய இரண்டு பேர் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருவர் பரசுராமன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த வெள்ளை எஸ்.யூ.வி.யை ஐந்து வருடம் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டு, கண்பார்வை மங்கியதும் மனசில்லாமல் ரஷீது பாய்க்கு விற்றவர். இன்னொருவர் வியாசர்பாடி மெக்கானிக் பீம்ராவ். ஸ்பேனர் பையோடே வந்திருந்தார்.

"இன்னா பாய், வண்டி மைலேஜ் தர்லனு சொன்னியாமே?" பரசுராமனின் குரலில் கோபம் இல்லை. மனசு நொந்திருந்தது.

"சும்மா பேச்சுக்கு சொன்னேன்பா."

"பேச்சுக்கா? ஹைவேல பதினெட்டு தரும்னு என் வாயால சொல்லி வித்தேன். நீ டீக்கடைல பதினஞ்சரைனு சொல்லிகினு கீற. அந்த ரெண்டரைய நான் துன்னுட்டேனா?"

பீம்ராவ் நடுவில் புகுந்தார். "பேஜாரு பண்ணிக்காத நைனா. ஃபில்டரு அடைச்சிருக்கும், டயர்ல காத்து கம்மியா இருக்கும். பாய், சாவியக் குடுங்க. வர்ற ஞாயித்துக்கெழம பதினெட்டு வர்லன்னா என் பட்டறை போர்டக் கழட்டிடுறேன்."

ரஷீது பாய் சாவியை நீட்டினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு வந்துவிட்டால், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மேல்விஷாரம் போவார்?

எட்டு மாதத்துக்கு முன்னால் அங்கேதான் தன் ஒரே மகள் நவ்ரீனைக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை சுஹைப் தங்கமான பிள்ளை, ஷூ கம்பெனியில் வேலை. சம்பந்தி வீட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் தண்டையார்பேட்டையில்தான் இருந்தது. கப்பலில் கழித்துப் போட்ட சங்கிலி, கயிறு, கொக்கி என்று பழைய சாமான் விற்கிற கடை ரஷீது பாயுடையது. கல்லூரி விட்டதும் நவ்ரீன் நேராகக் கடைக்கு வருவாள். ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து, பொறை ரொட்டியை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை அவரிடம் நீட்டுவாள். இப்போதும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் பொறையை உடைக்கிறார். சின்னப் பாதியைத் தின்கிறார். பெரிய பாதி என்ன செய்வதென்று தெரியாமல் சாசரில் கிடக்கிறது.

போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் அவர் வாயே அவர் காலைக் கட்டிப்போட்டிருந்தது. பரசுராமன் ஞாயிறுதோறும் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு கொடுங்கையூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவார். மூன்று வருடத்துக்கு முன்னால், இதே டீக்கடையில், பத்துப் பேர் காதில் விழும்படி ரஷீது பாய் அவருக்குப் புத்தி சொன்னார்:

"பொண்ணக் கட்டிக் குடுத்தா பெருநாளுக்கு ஒரு தபா, நல்லது கெட்டதுக்கு ஒரு தபா. அவ்ளோதான் மரியாத. வாரா வாரம் போய் நின்னா சம்பந்தி வூட்ல குந்தறதுக்கு சேர்கூடப் போடமாட்டான்."

பரசுராமன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். மீன் வாங்குவதை நிறுத்தவில்லை. ரஷீது பாய்தான் தன் சொல்லில் தானே மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் வண்டி வந்தது. வாங்கின வண்டியை ஹைவேயில் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா என்று நேராக ஒரு சாலை போகிறது. அந்தச் சாலையில் மேல்விஷாரம் இருப்பதற்கு அவர் என்ன செய்ய முடியும்?

மைலேஜ் பார்க்கும் முறை எளிது. இங்கே டேங்கை நிரப்ப வேண்டும். அங்கே போய் மறுபடி நிரப்ப வேண்டும். அங்கே எத்தனை லிட்டர் பிடித்ததோ, அதுதான் வழியில் வண்டி குடித்தது. தண்டையார்பேட்டை பெட்ரோல் பங்கிலிருந்து மேல்விஷாரம் பங்குக்குச் சரியாக நூற்றிருபது கிலோமீட்டர். வகுத்தால் விடை வந்துவிடும்.

தண்டையார்பேட்டை பங்கில் ரஷீது பாய் குழாய்க்குப் பக்கத்திலேயே நிற்பார். டேங்க் நிறைந்ததும் குழாய் தானாக 'டக்' என்று நிற்கும். உடனே கையைத் தூக்கிவிடுவார்.

"டக்குனு நின்னா ஃபுல்லு. அதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம்மா. வழிஞ்சா வீண் விரயம். நாளைக்கு அல்லா கேப்பான்."

மேல்விஷாரம் பங்கில் அவர் அப்படி நிற்பதில்லை. அங்கே வேலை செய்யும் மலர்க்கொடியிடம் "ஃபுல்லு மா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார். பங்குக்கு எதிர்த்தெருவில் மூன்றாவது வீடு நவ்ரீனுடையது, பச்சை கேட். அதைப் பார்த்தபடி கண்ணாடியில் தாடியைச் சீவிக்கொள்வார். அவருக்குப் பின்னால் கப்பலே கவிழ்ந்தாலும் காதில் விழாது.

முதல் ஞாயிறு நல்ல மழை. ஸ்ரீபெரும்புதூரில் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நின்றார். பதினைந்தரை வந்தது. பச்சை கேட்டில் நின்றுகொண்டே டீ குடித்தார்.

"உள்ள வாங்க அத்தா," என்றாள் நவ்ரீன்.

"எதுக்கு மா? நான் மைலேஜ் பாக்க வந்தேன். இன்ஜின் சூடு ஆறட்டும்னு நின்னேன்."

"அடுத்த வாரம் வருவீங்களா?"

"பதினெட்டு வர்ற வரைக்கும் வந்துதானே ஆவணும். சரியா வந்துட்டா அப்பால இந்தப் பக்கம் இன்னா வேல? மாசம் ஒரு தபா போன்ல பேசிக்கலாம்."

நவ்ரீன் காலி கிளாஸை வாங்கிக்கொண்டு, எதிரே பங்கில் நின்ற மலர்க்கொடியைப் பார்த்துக் கையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பதினைந்தரையைத்தான் மறுநாள் ரஷீது பாய் டீக்கடையில் சொல்லிவைத்தார். அடுத்த வாரம் போவதற்கு ஒரு காரணம் ஊரறிய இருக்கட்டுமே என்றுதான். ஊர் அதைச் சரிசெய்யக் கிளம்பிவிடும் என்று அவர் நினைக்கவில்லை.

பீம்ராவ் சொன்னதைச் செய்பவர். வெள்ளிக்கிழமைக்குள் ஃபில்டரை மாற்றினார், ஆயிலை மாற்றினார், நான்கு டயரிலும் காற்றை அளந்து அடைத்தார். "ஓட்டிப் பாருங்க பாய், வெண்ணெ மாறி போவும்," என்று சாவியைக் கொடுத்தார். வெண்ணெய் மாதிரிதான் போயிற்று. 

ஞாயிற்றுக்கிழமை பஜர் தொழுகை முடிந்து வந்தவர், வண்டிக்குப் பின்னால் குந்தி, தீக்குச்சி முனையால் டயர் வால்வை அழுத்திக்கொண்டிருந்தார். ஸ்ஸ்ஸ் என்று காற்று இறங்கியது.

"இன்னாங்க பண்றீங்க?"

தலையைத் தூக்கினார். மனைவி ரசூல் பீவி, மகளுக்கு வறுத்த நெத்திலி டப்பாவோடு நின்றிருந்தார்.

"காத்து ஜாஸ்தியா கீது. கொஞ்சம் எறக்குறேன்."

"முந்தாநேத்துதானே அந்த மனுசன் அளந்து அடிச்சாரு?"

"அளவு தப்பு."

ரசூல் பீவி டப்பாவை வண்டியின்மேல் வைத்தார். கார் ராயபுரம் பாலம் ஏறினாலே அவருக்கு வாந்தி வரும். அதனால் மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய் மகளோடு இரண்டு நாள் தங்கிவிட்டு வருவார். அதற்கு அவர் யாரிடமும் காரணம் சொன்னதில்லை.

"பொண்ணப் பாக்கணும்னா பாத்துட்டு வாங்களேன். டயரு இன்னா பாவம் பண்ணிச்சு?"

"யாரு பொண்ணப் பாக்கப் போறாங்க? நான் மைலேஜ் பாக்கப் போறேன்."

"சரி. அந்த மைலேஜு கையில இந்த நெத்திலியக் குடுத்துடுங்க."

அன்றைக்கு மேல்விஷாரம் பங்கில் பன்னிரண்டு லிட்டர் பிடித்தது. ரஷீது பாய் மூன்று முறை வகுத்துப் பார்த்தார். பத்து. பதினைந்தரையிலிருந்து பத்து! டயரில் காற்று குறைந்தால் இத்தனை வித்தியாசமா என்று அவருக்கே பயமாகிவிட்டது. இவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

பயம் பச்சை கேட் வரைக்கும்தான். நவ்ரீன் டீயோடு ஒரு தட்டில் பொறையும் வைத்திருந்தாள். எடுத்து, இரண்டாக உடைத்து, பெரிய பாதியை நீட்டினாள். ரஷீது பாய் அதை வாங்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பங்கு விளக்குக் கம்பத்தில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தார்.

"மைலேஜ் எவ்ளோ அத்தா?"

"பத்து மா."

"ஐயோ, ரொம்ப மோசமா கீதே." அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. "அப்போ அடுத்த வாரமும் பாக்கணும்."

"பாக்கத்தான் வேணும்."

அரைமணி நேரம் ஆயிற்று. கிளம்புகிறேன் என்றார். நவ்ரீன் வண்டிக்குப் போய் பானெட்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் சூடா கீது அத்தா. ஆறட்டும்."

முக்கால்மணி நேரத்தில் மறுபடி தொட்டுப் பார்த்தாள். அப்போதும் சூடாகத்தான் இருந்ததாம். ரஷீது பாய் தானும் போய்த் தொட்டுப் பார்த்தார். இரும்பு, கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

"ஆமா," என்றார். "நல்ல சூடு."

திரும்பும் வழியில் அவர் மைலேஜ் பார்ப்பதில்லை. அந்த டீசலில்தான் வாரம் முழுக்கக் கடைக்கும் துறைமுகத்துக்கும் ஓட்டுவார். அடுத்த ஞாயிறு காலையில்தான் மறுபடி 'டக்'. திரும்பும்போது வாலாஜா தாண்டும் வரை அவருக்குச் சாலையே சரியாகத் தெரியாது.

பத்து என்ற செய்தி வியாசர்பாடியைப் போய்ச் சேர்ந்தபோது, பீம்ராவ் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வந்தார்.

"பத்தா? நான் கை வெச்ச அப்பால பத்தா?"

மறுபடி வண்டியைத் தூக்கினார். வீல் அலைன்மென்ட் பார்த்தார். பிரேக் பிடிக்கிறதா என்று ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிப் பார்த்தார். இன்ஜெக்டரைக் கழுவினார். மேலே இருந்த கேரியரைக் கழற்றி, "இது காத்தப் புடிச்சி இஸ்துகினு கீது," என்று மூலையில் போட்டார். எண்பதுக்கு மேல் போகக்கூடாது என்று டாஷ்போர்டில் சாக்பீஸால் எழுதியே வைத்தார்.

இத்தனை மருத்துவம் நடந்த பிறகு வெறும் காற்றை நம்ப முடியாது என்று ரஷீது பாய்க்குத் தோன்றியது. சனிக்கிழமை கடையிலிருந்து ஒரு நங்கூரச் சங்கிலியைத் தூக்கிவந்து டிக்கியில் போட்டு, மேலே கோரைப்பாயை விரித்தார். எண்பது கிலோவாவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தீக்குச்சி வேலையும் நடந்தது. போதாததற்கு நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, ஏசியையும் போட்டுக்கொண்டு நூறில் போனார். ஒவ்வொரு வேகத்தடையிலும் டிக்கியில் கடகடவென்று சத்தம்.

வாலாஜா டோல்கேட்டில் காவலுக்கு நின்றவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்: "இன்னா பாய், பின்னாடி கப்பல ஏத்திகினு போறீங்களா?"

"வூட்டு சாமான்."

"வூட்டுக்கு நங்கூரம் போட்டுக் கட்டுவீங்களோ?"

ஒன்பது வந்தது.

பச்சை கேட்டில் அன்று ஒரு மர நாற்காலி போட்டிருந்தது. சம்பந்தி வெளியே வந்து, "குந்துங்க," என்றார். "வண்டிக்காகத்தான் நின்னேன்," என்றார் ரஷீது பாய். சம்பந்தி வற்புறுத்தவில்லை. நாற்காலியை உள்ளே எடுக்கவும் இல்லை. "இங்கியே கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம தூக்கினு வர்ற வேல மிச்சம்," என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து யாரும் பார்க்காதபோது ரஷீது பாய் அதில் மெல்ல உட்கார்ந்தார்.

கிளம்பும்போது நவ்ரீன் பெரிய தூக்குச்சட்டியில் பாயாசம் கொண்டுவந்தாள். "டிக்கில வெச்சுடவா?"

"வேணாம், வேணாம்! டிக்கி பூட்டு மக்கர் பண்ணுது."

தூக்குச்சட்டியை முன் சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டையும் போட்டுவிட்டாள். அவள் முன்பு உட்கார்ந்து வரும் பக்கம். வழியெல்லாம் ரஷீது பாய் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

அந்த வாரம் பரசுராமன் டீக்கடைக்கு வரவில்லை. புதன்கிழமை கடைக்கு வந்தார். சங்கிலிக் குவியலுக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"பாய், வண்டிய நானே திருப்பி எடுத்துக்குறேன்."

ரஷீது பாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னாபா சொல்ற?"

"நாப்பது வருசம் கிரேன் ஓட்டினேன். எத்தினி டன்னுனு நான் சொன்னா எழுதிக்குவாங்க, ஒருத்தன் திருப்பிக் கேட்டதில்ல. இப்ப டீக்கடைல போய் நின்னா, 'இன்னா பதினெட்டு, சௌக்கியமா'னு கூப்புடறான். அல்லாவக் கும்புடற மனுசன் நீ பொய் சொல்லமாட்ட. அப்போ நான்தான் பொய் சொல்லிட்டேன்னு ஆவுது. வேணாம் பாய். வண்டி என்கிட்டயே கெடக்கட்டும்."

'நீ பொய் சொல்லமாட்ட.' அந்த வார்த்தை நங்கூரச் சங்கிலியைவிடக் கனமாக இருந்தது.

"ஒரே ஒரு ஞாயித்துக்கெழம பொறுத்துக்கோ," என்றார் ரஷீது பாய். 

வெள்ளிக்கிழமை ஜும்மாவில் இமாம் ஹஜ்ரத் அளவையையும் நிறுவையையும் பற்றிப் பேசினார். அளந்து கொடுக்கும்போது குறைக்கிறவர்களுக்குக் கேடுதான் என்றார். சபையில் அரிசிக்கடைக்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவருக்குத்தான் வியர்த்துக்கொட்டியது. டயரில் குறைத்த காற்றும் அளவில்தானே சேரும்? ஒரு நல்ல மனுஷனுடைய பெயரில் குறைத்தது எதில் சேரும்? துஆவுக்குக் கையேந்தியபோது அவருக்குக் கேட்க ஒன்றுமே தோன்றவில்லை. 'யா அல்லா, பதினெட்டே வரட்டும்' என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர், பாய்க்கு என்ன பக்தி என்று வியந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பீம்ராவைக் கூட அழைத்துக்கொண்டார். சங்கிலி கடைக்குப் போய்விட்டது. டயரில் பீம்ராவே காற்றடித்தார். தண்டையார்பேட்டை பங்கில் வழக்கம்போல 'டக்'. ஏசி இல்லை, கண்ணாடி மேலே, எண்பதுக்கு மேல் ஒரு புள்ளி இல்லை. லாரிக்காரர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போனார்கள்.

காவேரிப்பாக்கம் டீக்கடையில் நிறுத்தியபோது ரஷீது பாய் சொன்னார்: "பீம்ராவு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். டயர்ல காத்த எறக்குனது நான்தான்."

"தெரியும் பாய். வால்வுல தீக்குச்சி மொனை ஒடைஞ்சி கெடந்துச்சு."

"டிக்கில சங்கிலி வெச்சதும்..."

"கோரப்பாயில துரு ஒட்டிகினு இருந்துச்சு."

ரஷீது பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சும் இன்னாத்துக்குப்பா சொல்லல?"

பீம்ராவ் டீயை ஊதினார். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வெள்ள ஜிப்பா போட்டுகினு கெளம்புறீங்க. மைலேஜ் பாக்கப் போறவன் அத்தர் பூசிகினு போவானா? எனக்கும் பொண்ணு கீது பாய். ரமாபாய்னு பேரு. ஓசூர்ல கட்டிக் குடுத்துட்டேன். நான் பஸ்ஸுல போவேன். பஸ்ஸுல மைலேஜ் பாக்க முடியாதே."

ரஷீது பாய் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஆனா ஒண்ணு பாய்," என்று பீம்ராவ் கிளாஸை வைத்தார். "காத்தும் கம்மி, சங்கிலியும் வெச்சு, நூறுல போனாலும் ஒம்போது வராது. பதிமூணுக்குக் கொறையவே கொறையாது. அந்த நாலு எங்க போவுது? அதக் கண்டுபுடிக்கத்தான் நான் வந்தேன். எனக்கு சோறு எறங்கல."

"இன்னிக்கு பதினெட்டு வந்துடும். பரசுராமன் பேரு நிக்கும். அது போதும்."

"வந்துட்டா நீங்க?"

"அப்பால இந்தப் பக்கம் இன்னா வேல?"

"மகளப் பாக்க வேல வேணுமா பாய்?"

"பத்துப் பேரு எதிர்ல சொன்ன சொல்லுனு ஒண்ணு கீதே," என்றார் ரஷீது பாய். எழுந்துபோய் வண்டியை எடுத்தார். ஒவ்வொரு மைல்கல்லையும் பார்த்துக்கொண்டே போனார். ராணிப்பேட்டை வந்துவிட்டது. ஆற்காடும் வந்துவிட்டது. எண்பதில் போயும் ஊர் இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறதே என்று இருந்தது.

பங்கில் மலர்க்கொடி சிரித்துக்கொண்டே வந்தார். "ஃபுல்லுதானே பாய்?"

"ஃபுல்லு மா." வழக்கம்போலத் திரும்பிக்கொண்டார். பச்சை கேட் திறந்திருந்தது. நாற்காலி வெளியே கிடந்தது. அதன்மேல் இன்று ஒரு சின்ன மெத்தையும் போட்டிருந்தார்கள்.

பீம்ராவ் திரும்பவில்லை. தரையில் குந்தி, டேங்க் வாயில் காதை வைத்துக்கொண்டு, மெஷினில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டக்.

"ஆறு புள்ளி ஏழு!" துள்ளி எழுந்தார். "பாய், கணக்கு போடுங்க! பதினெட்டு! நைனா சொன்ன அதே பதினெட்டு! என் போர்டு தப்பிச்சிது பாய்!"

ரஷீது பாய் திரும்பி, அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பரசுராமன் நாளைக்கு நிமிர்ந்து டீ குடிப்பார். கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. முகத்தில் சிரிப்பையும் கொண்டுவந்துவிட்டார்.  வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார். கடைசி டீ. கடைசிப் பெரிய பாதி. பானெட் இன்றைக்குச் சீக்கிரமே ஆறிவிடும்.

"யம்மா! யம்மா! இன்னா பண்ற நீ?"

பீம்ராவின் கத்தலில் திரும்பிப் பார்த்தார். மலர்க்கொடி குழாயை எடுக்கவே இல்லை. இடுப்பால் வண்டியை ஒரு இடி இடித்து ஆட்டினார். நுரை அடங்கும்வரை பொறுத்தார். மறுபடி கொஞ்சம் விட்டார். மறுபடி ஒரு இடி. ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. பத்தைத் தாண்டி, பதினொன்று. டேங்க் வாயில் டீசல் பளபளவென்று எட்டிப் பார்த்தது.

பீம்ராவ் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "அந்த நாலு இங்கதான் போவுதா! டக்குனு நின்ன அப்பால இன்னாத்துக்கு மா ஊத்துற? வாரா வாரம் இப்படித்தான் ஊத்துனியா? ஒரு நல்ல மனுசன் பேரு நாறிப்போச்சு தெரியுமா? மேனேஜர கூப்புடு!"

மலர்க்கொடி பயந்துபோய் ரஷீது பாயைப் பார்த்தார். பிறகு எதிர்த்தெருவில், பச்சை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நவ்ரீனைப் பார்த்தார்.

"நான் இன்னா பண்றதுங்க? மொத வாரமே அந்தப் பொண்ணு ஓடியாந்து, என் கையப் புடிச்சிகினு சொல்லிச்சு: 'அக்கா, எங்க அத்தா வண்டிக்கு மட்டும் டக்குனு நின்னாலும் நிறுத்தாதீங்க. மைலேஜ் சரியா வந்துட்டா, அவரு அப்பால வரமாட்டாரு.'"